முந்நூற்றுப் பன்னிரண்டு

பாய்மரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் கட்டி
பங்குனியில் வந்து இறங்கியது
ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஒரு படகு.
வாலாஜா டோல்கேட்டில்
இதற்கு எவ்வளவு வாங்குவதென்று
கால் மணி நேரம் யோசித்தார்களாம்.

நாங்கள் தோல் ஷாப்புக்குத் தொட்டி செய்கிறவர்கள்.
அமிலத் தொட்டி, சுண்ணாம்புத் தொட்டி, அதற்கு மூடி.
பைபர் பைபர்தானே என்றார் மெல்கியோர்.
கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்ந்தவர்.
படகுக்கு வயது நாற்பத்தாறு,
அவருக்கு அதைவிட இருபது கூட.
இங்கே வெயில் அதிகம், அதற்காகவே கொண்டுவந்தேன் என்றார்.
இந்தப் பக்கத்து வெயிலைத் தேடி வந்த ஆளை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே
மிளகு அளவில், புளியங்கொட்டை அளவில்,
ஒன்றிரண்டு எட்டணா அகலம்.
நவநீதம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்:
"இன்னாண்ணா, இதுக்கு அம்மை போட்டுகீது."
மறுநாள் காலை
சுக்கானில் வேப்பங்கொத்து செருகியிருந்தது.
யார் என்று கேட்கவில்லை.

சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணினால்
முந்நூற்றுப் பதினேழு.
முதல் எண்ணையே நோட்டில் எழுதினேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு
உளி முனையால் ஒன்றைத் தொட்டேன்.
பீய்ச்சியது.
கடல் வாசனை துளியும் இல்லை,
காடி வாசனை.
மெல்கியோர் விரலில் தொட்டு முகர்ந்தார்.
தண்ணீர் இடிப்பதில்லை, கிழிப்பதில்லை என்றார்,
ஊறுகிறது.
உள்ளே இறுகாமல் மிச்சமிருக்கும் எதையோ கரைத்து
கனத்துப்போய்
இன்னும் தண்ணீரைக் கூப்பிடுகிறது.
வந்த வழியே திரும்ப
அதற்குத் தெரியாது.

ஜெல்கோட்டை முழுக்கச் சுரண்டினோம்.
தேங்காயெண்ணெய் பூசிய கையிலும்
கண்ணாடித் தூள் அரித்தது.
பிறகு வேலையே இல்லை, காத்திருப்புதான்.
கத்திரி முழுக்கக் காய்ந்தது படகு.
தகரக் கூரை நெளிந்தது, தார்ச்சாலை ஒட்டியது,
மீட்டரை வைத்தால் முள் மட்டும்
ஈரம் ஈரம் என்றது.

கழுவ வேண்டும் என்றார் மெல்கியோர்.
காய்வதற்கா?
காய்வதற்குத்தான். உள்ளே இருக்கும் உப்பு போனால்தான்
ஈரம் போகும். நல்ல தண்ணீர் வேண்டும்.

எங்கள் போர் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் காட்டினேன்.
மஞ்சள்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை, பர்ஸைத் திறந்தார்.
முப்பது கேனை இறக்கிவிட்டு
யாருக்கு கல்யாணம் என்று கேட்டான் கேன்கார யூனுஸ்.
சூடாக்கிச் சூடாக்கி ஊற்றினோம்,
வீட்டில் குடிக்க அளந்து வைக்கும் தண்ணீரை.
கடைசிக் கேனை நவநீதம்
தன் டிபன் பைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.
மெல்கியோர் அப்போது
படகின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆடிக் காற்றில் முள் இறங்கத் தொடங்கியது.

அன்றைக்குத்தான் பார்த்தேன்,
வட்டங்கள் நெருக்கியடித்த இடத்தில்
கிரைண்டர் திறந்த குழிக்குள்
ரெசினே படாத மேட்.
வெள்ளை வெளேரென்று,
நேற்று சுருளிலிருந்து வெட்டியதுபோல.
நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்
எவனோ அந்த மூலையில் ரோலரை ஓட்டவில்லை.
சனிக்கிழமை சாயங்காலமாக இருக்கும்.
ரெசின் வாளியில் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும்.
மேலே பூச்சு வந்துவிட்டால்
யாருக்குத் தெரியப்போகிறது.

எனக்குத் தெரியும்.
பதினான்கு வருஷம் முன், தீபாவளிக்கு முதல் நாள்,
மேல்விஷாரத்துக்குப் போக வேண்டிய தொட்டி.
லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
கிழக்கு மூலை, அடியிலிருந்து ஒரு முழம்.

எபாக்சி குழைத்துக் குழிகளை அடைத்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டும், மேலே வந்த ஐந்தும்,
கணக்கில் வராத மற்றதும்.
ஐந்து கோட் அடிக்க வேண்டும் இன்னும்.

ஞாயிற்றுக்கிழமை
மீட்டரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
மேல்விஷாரம் போனேன்.
கேட் சாத்தியிருந்தது.
என்ன விஷயம் என்றார் வாட்ச்மேன்.
உள்ளே ஒரு தொட்டி இருக்கிறது, என்றேன்,
கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.